தெரிந்த நாளும் சொன்ன நாளும்



நிறுவனங்களின் அறப் பொறுப்பு என்பது எனக்குக் கொடுத்திருக்கும் பொருள். இதைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் நன்கொடையில்தான் தொடங்குவார்கள். நம் நாட்டில் அதற்குச் சட்டமே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகரச் சொத்து மதிப்போ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்தப் பணத்தில் அரசுப் பள்ளிகளுக்குக் கழிப்பறை வந்திருக்கிறது, ஏரிகள் தூர்வாரப்பட்டிருக்கின்றன, கண் மருத்துவ முகாம்கள் நடக்கின்றன. எல்லாம் நல்ல காரியங்கள். அவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனால், எவ்வளவு கொடுத்தாய் என்று ஒரு நிறுவனத்தைக் கேட்பதற்கு முன்னால், உனக்கு என்ன தெரியும், என்றைக்குத் தெரிந்தது, யாரிடம் சொன்னாய் என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இன்றைய உரை முழுவதும் இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

ஓர் ஆலையின் ஆபத்து முதலில் ஆலைக்குள்தான் தெரியவரும். ஆய்வகத்தில் தெரியும். பராமரிப்புப் பிரிவின் பதிவேட்டில் தெரியும். ஆலை மருத்துவரின் மேசைக்கு வரும் தொழிலாளியின் நடுங்கும் கையில் தெரியும். ஊருக்குத் தெரிய வருடங்கள் ஆகும். அதுவும் பெரும்பாலும் யாராவது படுத்த பிறகுதான். உள்ளே தெரிந்த நாளுக்கும் வெளியே சொன்ன நாளுக்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறதே, அந்தக் காலத்தில் நடப்பவற்றுக்கெல்லாம் நிறுவனத்தை நடத்துகிறவர்கள் நேரடியாகப் பொறுப்பாளிகள். விபத்தை யாராலும் முழுவதும் தடுத்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். தெரிந்ததைச் சொல்வதை யாராலும் செய்ய முடியும்.

இதை விளங்கவைக்க ஜப்பானின் மினமாட்டாவுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். மினமாட்டா நோய் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நிறுவனத்தின் முழு வரலாறு இருக்கிறது.

கியூஷு தீவின் மேற்குக் கரையில், ஷிரானுய் என்ற உள்கடலை ஒட்டிய சின்ன ஊர் மினமாட்டா. மீன்பிடியும் உப்பும்தான் பிழைப்பு. 1908இல் அங்கே ஓர் உரத் தொழிற்சாலை வந்தது. பிற்காலத்தில் சிஸ்ஸோ என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. 1932இல் அசிட்டால்டிஹைடு தயாரிக்கத் தொடங்கியது. பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்கும்படி செய்யும் பொருள்கள் முதல் பலவற்றுக்கும் அதுதான் மூலப்பொருள். அதைத் தயாரிக்க வினையூக்கியாகப் பாதரசச் சேர்மம் பயன்பட்டது. வினையின்போது அதில் ஒரு பகுதி மெத்தில் பாதரசம் என்ற கரிமப் பாதரசமாக மாறிக் கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்தது. கடலில் அது சிற்றுயிர்களுக்குள் போய், அவற்றைத் தின்ற மீனுக்குப் போய், மீனைத் தின்றவர்களின் மூளைக்குப் போனது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த ஊரே சிஸ்ஸோவை நம்பி வாழ்ந்தது. வேலை அங்கே, வரி வருமானம் அங்கிருந்து, நல்ல மருத்துவமனையும் நிறுவனத்தினுடையதே. பாதரச முறையை ஆலையில் உருவாக்கி, ஆலை மேலாளராகவும் இருந்தவரே பிறகு நகரத்தின் மேயர். ஆலை இருமினால் ஊருக்குக் காய்ச்சல் வரும் என்ற நிலை.

1950களின் முதல் பாதியில் மீனவர் குடியிருப்புகளில் பூனைகள் பித்துப் பிடித்தாற்போலச் சுழன்று ஆடிச் செத்தன. காகங்கள் பறந்தபடியே விழுந்தன. மீன்கள் செத்து மிதந்தன. 1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை நிறுவன மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நடக்க முடியவில்லை, பேச்சு குழறியது, வலிப்பு வந்தது. இரண்டு நாளில் அவளுடைய தங்கைக்கும் அதே நிலை. மருத்துவமனைத் தலைவர் டாக்டர் ஹஜிமே ஹொசோகவா அக்கம்பக்கத்தில் விசாரித்தார்; இன்னும் பலருக்கு அதே நோய் இருப்பது தெரிந்தது. மே 1ஆம் தேதி, மைய நரம்பு மண்டலத்தைத் தாக்கும் காரணம் தெரியாத நோய் ஒன்று பரவுகிறது என்று அரசின் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார். அந்தத் தேதியைத்தான் நோய் கண்டறியப்பட்ட நாளாக இன்றும் ஜப்பான் கணக்கிடுகிறது. நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்த மருத்துவர் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காமல் சொன்னார். அதை அவருக்கு வரவில் வைக்க வேண்டும். ஏனென்றால் அடுத்து நடந்தது வேறு மாதிரி.

தொற்றுநோயாக இருக்குமோ என்ற அச்சத்தில் நோயாளிகளை ஒதுக்கி வைத்தார்கள். வீடுகளில் மருந்து தெளித்தார்கள். அந்த வீட்டுக்காரர்களைக் கண்டாலே அண்டை அயலார் விலகிப் போனார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு, இது தொற்று அல்ல, விரிகுடா மீன் வழியாக வரும் ஏதோ ஒரு கன உலோக நச்சு என்று சொல்லிவிட்டது. எந்த உலோகம் என்பதுதான் சிக்கல். மாங்கனீசு என்றார்கள், செலினியம் என்றார்கள், தாலியம் என்றார்கள். மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. ஆலைக்குள் என்னென்ன வேதிப்பொருள் போகிறது, என்ன வெளியே வருகிறது என்று ஆலை சொல்லியிருந்தால் இந்தத் தேடலே வேண்டியிருந்திருக்காது. சொல்லவில்லை. தொழில் இரகசியம் என்ற சுவருக்குப் பின்னால் பாதரசம் இருந்தது.

1958 செப்டம்பரில் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. அதுவரை ஹ்யாக்கென் துறைமுகப் பக்கம் விட்டுக்கொண்டிருந்த கழிவுநீரை மினமாட்டா ஆற்று முகத்துவாரத்துக்குத் திருப்பியது. சில மாதங்களில் அந்தப் பக்கத்திலும் வடக்கே இருந்த கரையோர ஊர்களிலும் நோய் தோன்றியது. கழிவு போன இடத்துக்கு நோயும் போனது. இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வகமும் செய்திருக்க முடியாது. ஆனால் இது மனிதர்கள்மேல் நடந்த சோதனை.

இப்போது ஒரு பூனையிடம் வருகிறேன். 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழகம் கரிமப் பாதரசமே காரணம் என்று அறிவித்தது. அதே மாதம் டாக்டர் ஹொசோகவா ஆலை மருத்துவமனையில் தாமாக ஒரு சோதனை தொடங்கினார். அதற்கு முன்பும் பல பூனைகளுக்குப் பலவகை உணவு கொடுத்துப் பார்த்திருந்தார். இம்முறை 400 என்று எண்ணிட்ட பூனைக்கு, அசிட்டால்டிஹைடு பிரிவிலிருந்து வரும் கழிவுநீரை நாள்தோறும் 20 மில்லி வீதம் நேரடியாக உணவில் ஊற்றிக் கொடுத்தார். அக்டோபர் தொடக்கத்தில் பூனைக்கு வலிப்பு வந்தது, நிலைகொள்ளாமல் சுற்றியது. மீனவர் வீட்டுப் பூனைகளுக்கு வந்த அதே நோய். உடலைக் கியூஷு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சோதித்தபோதும் அதே மாற்றங்கள்தான் தெரிந்தன.

அவர் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவினரிடம் சொன்னார். ஒரு பூனையை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்ற பதிலோடு, கழிவுநீரை நேரடியாகக் கொடுக்கும் சோதனைகளை நிறுத்தச் சொன்னார்கள். முடிவு வெளியே வரவில்லை.

வெளியே நிறுவனம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் கூற்றுக்கு அறிவியல் ஆதாரம் போதாது என்றது. போர் முடிந்தபோது இராணுவம் கடலில் கொட்டிய வெடிமருந்து காரணமாக இருக்கலாம் என்று வேதித் தொழில் சங்கத்தின் சார்பில் ஒருவர் சொன்னார். அழுகிய மீனில் உண்டாகும் அமீன் என்றார் பேராசிரியர் ஒருவர். நவம்பரில், சுகாதார அமைச்சகத்தின் குழுவொன்று கரிமப் பாதரசமே காரணம் என்று அறிக்கை கொடுத்தது. மறுநாளே அந்தக் குழு கலைக்கப்பட்டது. கழிவுநீரை நிறுத்தச் சொல்லி மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து கலகம் செய்தார்கள். நிறுத்திவிடாதீர்கள், ஊர் பாழாகிவிடும் என்று மேயரும் வணிகர் சங்கமும் தொழிற்சங்கத்தினரும் ஆளுநரிடம் போய் முறையிட்டார்கள். அவர்களை வெறுமனே குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 400ஆம் பூனையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும் வாய்ப்பையே நிறுவனம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

1959 டிசம்பரில் இரண்டு நிகழ்ச்சிகள். 24ஆம் தேதி கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றின் திறப்பு விழா. சுத்திகரித்த நீர் என்று ஒரு கோப்பை நீரை நிறுவனத் தலைவர் யோஷியோகா எல்லாரும் பார்க்கக் குடித்தார். அந்த இயந்திரம் கரைந்திருக்கும் கரிமப் பாதரசத்தை நீக்குவதற்காக வடிவமைக்கப்பட்டதே அல்ல. அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவு அப்போது அதன் வழியாகப் போகவும் இல்லை. ஆனால் ஊர் நம்பியது. சிக்கல் தீர்ந்தது என்று மறுபடியும் மீன் சாப்பிடத் தொடங்கினார்கள்.

ஆறு நாள் கழித்து, 30ஆம் தேதி, நோயாளிகளோடு ஓர் ஒப்பந்தம். இழப்பீடு என்று அதைச் சொல்லவில்லை. அனுதாபத் தொகை என்றார்கள். இறந்தவருக்கு 3 இலட்சம் யென். வயதுவந்த நோயாளிக்கு ஆண்டுக்கு 1 இலட்சம். குழந்தைக்கு ஆண்டுக்கு 30,000. அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஷரத்தைக் கவனமாகக் கேளுங்கள். பிற்காலத்தில் ஆலைக் கழிவுதான் காரணம் என்று தெரியவந்தாலும் நோயாளிகள் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது. கடன்பட்டு, ஊரால் ஒதுக்கப்பட்டு, புத்தாண்டு நெருங்கும் குளிரில் உட்கார்ந்திருந்த மீனவக் குடும்பங்கள் அதில் கையெழுத்திட்டன. எதிர்த் தரப்பின் ஆலை மருத்துவமனையில் பூனையின் சோதனை முடிவு இருந்தது.

இந்த ஷரத்தை எழுதிய கை எனக்கு எப்போதும் திகைப்பைத் தருகிறது. காரணம் தெரியாத ஒருவன் இப்படி ஒரு ஷரத்தை எழுத வேண்டிய தேவையே இல்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் உற்பத்தி கூடியது. 1960இல் அசிட்டால்டிஹைடு உற்பத்தி உச்சத்துக்குப் போனது. 1962இல் 16 குழந்தைகளுக்குக் கருவிலேயே இந்த நோய் வந்திருப்பதை மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். நஞ்சைத் தாயின் நஞ்சுக்கொடி தடுத்துவிடும் என்பதுதான் அதுவரை மருத்துவ உலகின் நம்பிக்கை. மெத்தில் பாதரசம் அதைக் கடந்துவிட்டது. தாய்மார்களில் பலருக்கு நோயின் அறிகுறி சொற்பம்; அவர்கள் உடலில் சேர்ந்த நஞ்சு பிள்ளையின் மூளைக்குப் போயிருந்தது. 1965இல், நாட்டின் இன்னொரு கோடியில், நிகாட்டாவில் அகானோ ஆற்றங்கரையில் இதே நோய் தோன்றியது. அங்கே ஷோவா டென்கோ என்ற வேறொரு நிறுவனம், அதே அசிட்டால்டிஹைடு, அதே முறை. 1959 அக்டோபரில் பூனையின் முடிவு வெளியாகியிருந்தால் நிகாட்டாவின் ஆலை எச்சரிக்கப்பட்டிருக்கும். மௌனத்தின் விலையைப் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சிஸ்ஸோவின் பெயரைக்கூட அறியாத ஆற்று மீனவர்கள் கொடுத்தார்கள்.

சிஸ்ஸோ 1968 மே மாதம் பாதரச முறையை நிறுத்தியது. அதற்குள் பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்து அசிட்டால்டிஹைடு எடுக்கும் புதிய முறை வந்து, பழைய முறை லாபமற்றதாகிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் சிஸ்ஸோவின் கழிவே காரணம் என்று ஜப்பான் அரசு அறிவித்தது. டாக்டர் ஹொசோகவாவின் முதல் தகவலிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள், பூனையிலிருந்து ஒன்பது.

அரசு அறிவிப்புக்குச் சில வாரங்கள் முன்னால் ஆலையின் முதலாவது தொழிற்சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நோயாளிகளுக்காக இத்தனை காலம் போராடாமல் இருந்ததற்காக வெட்கப்படுகிறோம் என்பது அதன் சாரம். இயக்குநர் குழு சொல்லாததை, கூலிக்கு உழைத்தவர்கள் ஒன்றுகூடிச் சொன்னார்கள். தொழில் வரலாற்றில் இதற்கு இணையான தீர்மானம் வேறொன்றை நான் படித்ததில்லை.

டாக்டர் ஹொசோகவா 1962இல் ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். 1969இல் நோயாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். 1970 ஜூலையில், புற்றுநோயால் டோக்கியோ மருத்துவமனையில் படுத்திருந்த அவரிடம் படுக்கையருகிலேயே சாட்சியம் பதிவுசெய்யப்பட்டது. பூனையைப் பற்றியும், நிறுவனத்திடம் சொன்னதைப் பற்றியும், சோதனை நிறுத்தப்பட்டதைப் பற்றியும் சொன்னார். அக்டோபரில் இறந்தார். அவரை வீரர் என்றும் சொல்லத் தயங்குகிறேன், கோழை என்றும் சொல்ல மாட்டேன். 1956இல் சொன்ன அதே மனிதர் 1959இல் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் குணம் மாறிவிடவில்லை. 1956இல் காரணம் தெரியாத நோய்; நிறுவனத்துக்கு இடைஞ்சல் இல்லை. 1959இல் காரணம் தெரிந்துவிட்டது. அது தன் முதலாளி. ஒரு மருத்துவர் கண்டறியும் ஆபத்து யாருடைய லாபத்தைக் கெடுக்குமோ அவர்களிடமே போய்ச் சேர்ந்து அங்கேயே நின்றுவிடும்படி ஓர் அமைப்பை வைத்துவிட்டு, தனிமனிதரின் துணிச்சலை நம்பி ஊர் வாழ முடியாது. அமைப்பை அப்படி வைத்தவர்கள் நிறுவனத்தின் தலைவர்கள்தான்.

மினமாட்டா வரலாற்றின் இன்னொரு காட்சியை இங்கே இருக்கிற வணிகவியல் மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும். நோயாளிகள் கேட்டுக்கேட்டுப் பார்த்தும் நிறுவனத் தலைவரை நேரில் பார்த்துப் பேச வழி இல்லை. ஆகவே ஆளுக்கு ஒரு பங்கு வாங்கினார்கள். 1970 நவம்பர் 28ஆம் தேதி ஒசாகாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்கு வெள்ளை யாத்திரை உடை உடுத்தி, கைமணி ஒலிக்க, யாத்திரைப் பாடல் பாடிக்கொண்டு போனார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த ஒரு பெண், அவர்களின் நினைவுப் பலகைகளை ஏந்தித் அப்போதைய தலைவர் எகாஷிராவின் முன்னால் போய் நின்று கதறினார். பங்குதாரர் நலனே இயக்குநரின் கடமை என்று வகுப்பில் சொல்லித் தருகிறோம். அன்றைக்கு மேடைக்கு முன்னால் நின்றவர்களும் பங்குதாரர்கள்தான்.

1973 மார்ச் 20ஆம் தேதி குமமோட்டோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேதி ஆலை தன் கழிவை வெளியே விடும் முன் அது தீங்கற்றது என்று தானே ஆராய்ந்து தெளிய வேண்டும். ஐயம் எழுந்தால் நிறுத்தவும் வேண்டும். அப்படிச் செய்யாதது நிறுவனத்தின் குற்றம் என்றது. 1959 ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு மாறானது, செல்லாது என்றது. நோயாளி ஒருவருக்கு 1.6 கோடி முதல் 1.8 கோடி யென் வரை கொடுக்கச் சொன்னது. 1979இல் முன்னாள் தலைவர் யோஷியோகாவும் முன்னாள் ஆலை மேலாளர் நிஷிதாவும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. இரண்டு ஆண்டுச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

நோயாளிகள் என அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டவர்கள் அந்தக் கடற்கரையில் மட்டும் 2,200க்கும் மேல். பிற்காலத்து நிவாரணத் திட்டங்களில் சேர்ந்தவர்கள் பல பத்தாயிரம் பேர். விரிகுடாவின் சேற்றைத் தோண்டி மூட 1977 முதல் 1990 வரை ஆனது. 4,850 கோடி யென் செலவு. இழப்பீடு கொடுக்கப் பணமில்லாமல் நிறுவனம் தடுமாறியபோது 1978 முதல் மாநில அரசு பத்திரம் வெளியிட்டுக் கடன் கொடுத்தது. அதாவது, மக்கள் பணம். மினமாட்டாவின் சேதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,263 கோடி யென், முன்கூட்டியே தடுத்திருந்தால் ஆண்டுக்கு 12.3 கோடி யென்தான் ஆகியிருக்கும் என்று ஜப்பானில் ஒரு கணக்கும் போட்டார்கள். நூற்றில் ஒரு பங்கு. மேலாண்மை வகுப்புகளில் இந்தக் கணக்கைக் காட்டி, அறமே லாபம் என்பார்கள். எனக்கு அந்த வாதம் பிடிப்பதில்லை. கணக்கு தலைகீழாக இருந்து, தடுப்பதற்கு நூறு மடங்கு செலவாகியிருந்தாலும், அந்த மீனில் நஞ்சு இருக்கிறது என்று சிஸ்ஸோ சொல்லித்தான் இருக்க வேண்டும்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013இல் குமமோட்டோவில் கையெழுத்தானது. மினமாட்டா உடன்படிக்கை என்றே அதற்குப் பெயர். இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. பாதரசம் நமக்கு அந்நியமான செய்தி அல்ல. நம் கொடைக்கானலில், பாம்பார் சோலையின் விளிம்பில், வெப்பமானி தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இயங்கியதை 1980களில் இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கும் மேல் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்குத் திரும்பப் போனது. தங்கள் உடல்நலக் கேட்டுக்கு ஆலையே காரணம் என்று முன்னாள் தொழிலாளர்கள் சொன்னார்கள். தன் ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை என்று நிறுவனம் மறுத்தது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. பொறுப்பை நிறுவனம் ஏற்கவில்லை.

கொடைக்கானலை மினமாட்டாவோடு சமமாக வைப்பது நியாயமாகாது. அளவும் வேறு, நடந்ததும் வேறு. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றே ஒன்று. ஆலைக்குள் எவ்வளவு பாதரசம் வந்தது, வெப்பமானிகளில் எவ்வளவு வெளியே போனது, மிச்சம் எங்கே என்ற கணக்கு நிறுவனத்திடம்தான் இருக்கும். ஊருக்கு அந்தச் செய்தி பழைய இரும்புக் கடை வழியாக வந்தது. கிழிந்த கோணிக்குள் மின்னிய கண்ணாடித் துண்டுகளைப் பிரித்தெடுத்துப் பிழைத்த கூலியாள், தான் தொடுவது என்ன என்று யாரிடமிருந்து தெரிந்துகொண்டிருக்க முடியும்?

போபாலில் நச்சு வாயு கசிந்த ஆலையையும் சொல்லிவிடுகிறேன். 1982 மே மாதத்தில் நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த பாதுகாப்புக் குழு அந்த ஆலையின் குறைகளை எழுத்தில் கொடுத்திருந்தது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் தம்மாலான அளவு தோண்டி எடுத்து, அதே ஆண்டு முதல் எச்சரித்து எழுதினார். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் வாயு வந்தபோது ஊர் மக்களுக்கு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றுகூடத் தெரியாது. நனைத்த துணியால் முகத்தை மூடச் சொல்லியிருந்தாலே பலர் தப்பியிருப்பார்கள். மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தவர்களுக்கு எதற்கு மருந்து கொடுக்கிறோம் என்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை. வாயுவைத் தயாரித்தவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமாக மேலாண்மை வகுப்புகளில் டைலனால் மாத்திரைக் கதையைச் சொல்வோம். நானும் சொல்லிவந்திருக்கிறேன். 1982இல் சிகாகோ பகுதியில் சயனைடு கலந்த மாத்திரையால் ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் உடனே மக்களை எச்சரித்து, 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பாராட்டத்தக்க செயல், ஐயமில்லை. ஆனால் அங்கே நஞ்சைக் கலந்தது யாரோ ஒரு வெளியாள் என்றே கருதப்படுகிறது. குற்றம் தன்னுடையது அல்லாதபோது வாய்திறப்பதற்கு வேண்டிய துணிவு ஒரு வகை. கழிவுக் குழாய் நம்முடையது, மருத்துவர் நம் ஆள், பூனை நம் கூண்டில் என்கிறபோது வேண்டிய துணிவு வேறு வகை. தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாக முதலாவதை மட்டும் பாடம் நடத்திவிட்டு நிறுத்திக்கொள்கிறோம் என்பது என் வருத்தம்.

அறிவியல் உறுதியாகாத நிலையில் எதைச் சொல்வது, வீண் பீதியைக் கிளப்பலாமா என்று தொழிலதிபர்கள் கேட்பது உண்டு. நியாயமான கேள்வி. என் பதில்: உறுதியானதை உறுதி என்று சொல்லுங்கள், ஐயத்தை ஐயம் என்றே சொல்லுங்கள். எங்கள் கழிவுநீரைக் குடித்த ஒரு பூனைக்கு இந்த நோய் வந்தது, மேற்கொண்டு சோதிக்கிறோம், அதுவரை விரிகுடா மீனைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று 1959இல் சொல்லியிருந்தால் அதில் ஒரு சொல்கூட மிகை இல்லை. ஐயம் இருக்கிறது என்பதை வெளியே சொல்ல மறுக்கவும், உற்பத்தியைத் தொடரவும் அதே ஐயத்தைக் காரணம் காட்டினார்கள். ஐயத்தின் பலன் ஆலைக்கா, அதன் வாசலில் வாழ்கிறவனுக்கா என்பதுதான் இங்கே உண்மையான வழக்கு.

நம் சட்டம் இதைத் தொட்டிருக்கிறது. போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான தொழில் நடத்துகிறவர், அதனால் வரக்கூடிய தீங்குகளையும் தடுக்கும் வழிகளையும் தொழிலாளர்களுக்கும், தலைமை ஆய்வாளருக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடாக இருந்தது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 166ஆம் பிரிவில் இயக்குநரின் கடமைகளைச் சொல்லும்போது பங்குதாரரோடு ஊழியர்களையும் சமுதாயத்தையும் சுற்றுச்சூழலையும் சேர்த்தே சொல்கிறது. எழுத்தில் குறை பெரிதாக இல்லை. வழக்கத்தில், அந்தத் தகவல் ஒரு கோப்பாக ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகிறது. சுற்றுவட்டார மக்கள் என்ற கடைசிச் சொல்லுக்கு வரும்போது ஆலை வாசலில் ஆங்கிலத்தில் ஒரு பலகையோடு நின்றுவிடுகிறது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் முதல் ஆயிரத்துக்கு, பொறுப்புடைமை அறிக்கை ஒன்றை 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. எத்தனை விபத்து, எத்தனை காயம், எத்தனை இறப்பு என்று அதில் கணக்குக் கொடுக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் விபத்து நடந்த பிறகு எண்ணுவது வேறு. நடப்பதற்கு முன்னால் உள்ளே தெரிந்ததை வெளியே சொல்வது வேறு.

இந்த அவையில் இயக்குநர் குழுக்களில் அமர்ந்திருப்பவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. இயக்குநர் குழுவின் ஆண்டறிக்கையில் சமூகப் பணிக்குச் செலவிட்ட 2 விழுக்காட்டுக்கென்று ஓர் இணைப்பு வைக்கிறீர்கள். அதற்கு முன்னால் இன்னொரு பக்கம் சேருங்கள். இந்த ஆண்டில் எங்கள் மருத்துவரும் பொறியாளரும் ஆய்வகத்தினரும் எழுத்தில் கொடுத்த எச்சரிக்கைகள் இவை. ஒவ்வொன்றும் எங்களுக்கு வந்த தேதி இது. தொழிலாளர்களுக்கும் ஊராட்சிக்கும் நாங்கள் தமிழில் தெரிவித்த தேதி இது. இன்னும் தெரிவிக்காதவை இவை, காரணம் இது. ஆலை மருத்துவர் தம் எச்சரிக்கையின் படியை மேலாளருக்கு அனுப்பும் அதே நாளில் மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் அனுப்பலாம், அதற்காக அவர் வேலை போகாது என்று பணி ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். எந்தச் சட்டமும் உங்களை இதற்குக் கட்டாயப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. அடுத்த இயக்குநர் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதை வைத்துவிட முடியும்.